காஷ் போனா கொஞ்ச நேரம் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க

துருக்கின்னாலே நம்மாளுங்க இஸ்தான்புல், கப்படோக்கியா பலூன், பாமுக்கலேன்னு ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்துடுவாங்க, மிச்சம் நாள் இருந்தா அந்தால்யாவுல ஒரு ரிசார்ட். அந்த அந்தால்யாவுல இருந்து கடலை ஒட்டியே மேற்கால மூணு மூணரை மணி நேரம் வண்டி ஓட்டுனா காஷ்னு ஒரு ஊர் வரும். போன மே மாசம் நான், வீட்டுக்காரி, மாமனார் மூணு பேரும் அங்க போய் தங்கினோம், ரெண்டு நாள்ல கிளம்புறதா இருந்தது, கிளம்ப மனசே வரல. போறவங்களுக்கு உதவுமேன்னு எழுதுறேன், ஊரோட கதையையும் சேர்த்துத்தான் எழுதுவேன், கதை தெரியாம போனா காஷ் வெறும் செல்ஃபி எடுக்குற ஊர்தான்.

காஷ்னா துறைமுகத்தைச் சுத்தி போகன்வில்லா தொங்குற அந்த சின்ன டவுன் மட்டும்னு நினைச்சுக்காதீங்க. அந்தால்யா மாகாணத்துல 19 இல்ச்சே இருக்கு, நம்ம ஊர் தாலுகா மாதிரி, அதுல காஷ் ஒண்ணு. ஜனத்தொகை சுமாரா 60 ஆயிரம் இருக்கும், ஆனா பரப்பு ரொம்பப் பெருசு, வெள்ளைக்காரங்க வில்லா வாங்கிப் போட்டிருக்குற கல்கான், தக்காளி கிரீன்ஹவுஸா நிரம்பிக் கிடக்குற கினிக், மணல் மூடின பட்டாரா, 3000 மீட்டர் தாண்டுற அக்தாக் மலையடிவாரத்துல கோம்பே, எல்லாமே இதுக்குள்ளதான். பக்கத்துல இருக்குற தெம்ரே கூட 1987 வரைக்கும் காஷோடதான் இருந்துச்சு. அதனால "காஷுக்கு ஒரு நாள் போதும்"னு யாராவது சொன்னா அவங்க ஹார்பர்ல மீன் சாப்பிட்டுட்டு வந்தவங்கன்னு அர்த்தம்.

மாமா நிலத்தடி நீர் சம்பந்தமான வேலையில இருந்து ரிட்டயர் ஆனவர், எங்க போனாலும் முதல்ல தண்ணி எங்கிருந்து வருதுன்னுதான் பார்ப்பார். வந்த அன்னிக்கு சாயங்காலம் தங்கின இடத்தோட பால்கனில நின்னுக்கிட்டு எல்லாரும் கடலைப் பார்க்குறப்ப இவர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கிட்டு இருந்தார். "மாப்ள, இந்த ஊருக்கு ஆறே இல்லையே, அப்புறம் எப்படி ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆளுங்க இருந்தாங்க?"ன்னு கேட்டார். "தெரியல மாமா, நாளைக்கு கேட்டுப் பாப்போம்"னு சொன்னேன். அந்தக் கேள்வியே எங்க மொத்த ட்ரிப்புக்கும் வழிகாட்டி ஆயிடுச்சு.

விஷயம் இதுதான். காஷுக்குப் பின்னாடி டாரஸ் மலை கிட்டத்தட்ட செங்குத்தா கடலுக்குள்ள இறங்குது, முழுக்க சுண்ணாம்புப் பாறை. மழை பெஞ்சா, மேல பனி உருகினா, தண்ணி தரை மேல ஓடாது, பாறை இடுக்குல இறங்கி உள்ளுக்குள்ளயே ஓடி நேரா கடலுக்கு அடியில வந்து வெளிய வருது. டவுன்ல இருந்து நடந்து போற தூரத்துல பூயூக் சாக்கில்னு ஒரு கூழாங்கல் பீச் இருக்கு, அங்க கால் வச்சா தெரியும், ஐஸ் தண்ணி, மேல வெயில் கொளுத்தும், இடுப்பு வரைக்கும் விறைக்கும், ரெண்டு எட்டு தள்ளிப் போனா வெதுவெதுன்னு இருக்கும். டைவிங் போறவங்க இன்னும் நல்லா பார்க்கலாம், நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலக்குற இடத்துல கண்ணு மங்கலாகுற மாதிரி தண்ணி நெளியும். மாமா அந்தத் தண்ணில கையை விட்டு நாக்குல வச்சுப் பார்த்துட்டு "உப்பு கம்மி"ன்னார், பக்கத்துல படுத்திருந்த ஜெர்மன்காரம்மா ஒரு மாதிரி பார்த்துச்சு.

இதுல இருந்து ரெண்டு உபயோகமான விஷயம். காஷ் டவுன்ல மணல் பீச் கிடையாது, பாறையும் கூழாங்கல்லும்தான், கடல் முள்ளெலி வேற உண்டு, ரப்பர் ஷூ இல்லாம தண்ணில இறங்காதீங்க, ஊர்லயே வாங்கிக்கலாம்னு நினைக்காம கையோட எடுத்துட்டுப் போங்க. மணல்தான் வேணும்னா பட்டாராவுக்குப் போங்க, இல்ல கல்கான் ரோட்டுல இருக்குற காபுதாஷுக்கு. காபுதாஷ் ரெண்டு பாறைக்கு நடுவுல இருக்குற குட்டி பீச், ரோட்டுல இருந்து கீழ இறங்க நிறைய படிக்கட்டு, முட்டி வலி இருக்குறவங்க மேல பாலத்துல நின்னே பார்த்துக்கலாம். அந்த ரோடு 1960கள்ல மலையை வெட்டிப் போட்டது, அந்த வேலையில உயிர் விட்ட தொழிலாளிங்களுக்கு அங்க ஒரு நினைவுக் கல்வெட்டு இருக்கு, போட்டோ எடுக்குற கூட்டத்துல அதை யாரும் கவனிக்கிறதில்ல.

சரி, பழைய கதைக்கு வருவோம். லிசியான்னு ஒரு நாடு, இன்னிக்கு ஃபெத்தியேல இருந்து அந்தால்யா வரைக்கும் இருக்குற இந்த மலைக்கடலோரம்தான் அது. அவங்களுக்குத் தனி மொழி, தனி எழுத்து. ஹோமரோட இலியட்ல டிராய்க்காக சண்டை போட வர்ற சர்பெடான் லிசியாக்காரன்தான். அந்தக் காலத்துல பெரிய ஊர் மலை மேல இருந்த ஃபெல்லோஸ், கீழ கடலோரம் இருந்தது அதோட துறைமுகம் ஆன்டிஃபெல்லோஸ், அதுதான் இன்னிக்கு காஷ். அதாவது இந்த ஊர் ஆரம்பத்துல இருந்தே யாரோ ஒருத்தரோட வாசப்படி. சொந்தமா விளைநிலம் கிடையாது, மலையில வெட்டுற மரத்தை ஏத்தி விடணும், கடல்ல கிடைக்கிறதை விக்கணும். ரோமானிய எழுத்தாளர் பிளினி ஆன்டிஃபெல்லோஸ் கரையில கிடைக்கிற கடற்பஞ்சுதான் ரொம்ப மிருதுன்னு எழுதி வச்சிருக்கார். நாளடைவுல கீழ இருந்த துறைமுகம் வளந்துச்சு, மேல இருந்த ஊர் தேஞ்சுபோச்சு.

டவுனுக்கு மேற்கால ஒரு பழைய தியேட்டர் இருக்கு, 26 வரிசை கல் படிக்கட்டு, டிக்கெட் கிடையாது, கேட்டும் கிடையாது, எப்ப வேணா போய் உக்காரலாம். மேடைக் கட்டடம் இல்ல, அதனால நேரா கடலும் எதிர்ல இருக்குற தீவும்தான் தெரியும். சாயங்காலம் கூட்டம் வந்துடும், காலையில போங்க. ஊசுன் சார்ஷின்னு ஒரு கடைத்தெரு மேல ஏறிப் போகும், அதோட உச்சில ஒரே பாறையில செஞ்ச உயரமான கல்லறை நடு ரோட்டுல நிக்குது, மூடியில சிங்கத் தலை, கீழ லிசிய எழுத்து, சுத்தி கார்ப்பெட் கடை, காபிக் கடை. லிசியாக்காரங்க செத்தவங்களை ஊருக்கு வெளிய தள்ளி வைக்காம வீட்டுப் பக்கத்துலயே வச்சுக்கிட்டவங்க, அதனால அது அங்க இருக்குறதுல ஆச்சரியம் இல்ல. 19ம் நூற்றாண்டுல வந்த பயணிங்க இந்த ஊர்ல நூத்துக்கும் மேல கல்லறை இருந்ததா எழுதியிருக்காங்க, இப்ப டவுனுக்குள்ள விரல் விட்டு எண்ணிடலாம். மத்ததெல்லாம் எங்கன்னு கேட்டா, வீட்டுச் சுவருக்குள்ளதான். எனக்கு இதுல கோபம்லாம் வரல, கல் வெட்டுறது கஷ்டமான ஊர்ல செதுக்கின கல் சும்மா கிடந்தா யார்தான் விடுவாங்க.

கல்லறைகளைப் பார்க்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க, இது நாங்க தங்கின பன்சியோன் (சின்ன விடுதி) நடத்துற அம்மா சொல்லிக் கொடுத்தது, அங்க வயசுல மூத்த பொம்பளைங்களை அப்லான்னு கூப்பிடணும், நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம். கல்கானுக்கு மேல மலையில பெசிர்கான்னு ஒரு கிராமம் இருக்கு, முதல்ல அங்க போகச் சொன்னாங்க. அங்க வயல் ஓரமா வரிசையா மரத்துல செஞ்ச தானியக் குதிர் நிக்குது, அம்பார்னு சொல்றாங்க, ஒவ்வொண்ணும் ஒரு குட்டி வீடு மாதிரி, தரையில இருந்து தூக்கிக் கட்டி, மூலையில மரக்கட்டை முனை வெளிய நீட்டிக்கிட்டு, மேல சரிஞ்ச கூரை. அதைப் பார்த்துட்டு வந்து லிசியப் பாறைக் கல்லறைகளைப் பாருங்க, அதே கட்டை முனை, அதே சட்டம், எல்லாத்தையும் கல்லுல செதுக்கி வச்சிருப்பான். இருந்தவங்க எப்படி மர வீடு கட்டுனாங்களோ அதே வீட்டைக் கல்லுல கட்டி செத்தவங்களுக்கு கொடுத்திருக்காங்க. கைடு வச்சு ரெண்டு மணி நேரம் கேட்டாலும் இவ்வளவு சுளுவா மண்டையில ஏறாது.

இந்த இல்ச்சேல தட்டையான நிலம்னு பெருசா இருக்குறது மேற்குக் கோடில, ஏஷென் ஆறு கடல்ல சேர்ற இடம். ஆறு, வயல், துறைமுகம் மூணும் இருந்ததால லிசியாவோட பெரிய ஊர்களும் அங்கதான் வந்துச்சு, சாந்தோஸும் பட்டாராவும். சாந்தோஸ்காரங்க கதை கொஞ்சம் கனமானது. கிமு 540 வாக்குல பாரசீகப் படை வந்தப்ப தோக்கப் போறோம்னு தெரிஞ்சு பொண்டாட்டி புள்ளைங்க, சொத்து, எல்லாத்தையும் கோட்டைக்குள்ள வச்சு தீ வச்சுட்டு ஆம்பளைங்க வெளிய வந்து சண்டை போட்டு செத்தாங்கன்னு கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கார், வெளியூர் போயிருந்த 80 குடும்பம் மட்டும் தப்பிச்சுதாம். அப்புறம் கிமு 42ல சீசரைக் கொன்ன புரூட்டஸ் வந்தப்பவும் கிட்டத்தட்ட அதே கதி. இன்னிக்கு அங்க போனா நல்ல சிற்பம் நிறைய இருக்காது, 1840கள்ல சார்லஸ் ஃபெலோஸ்ங்கிற இங்கிலாந்துக்காரர் முக்கியமானதைப் பெயர்த்துக் கப்பல்ல ஏத்திட்டார், நெரீட் நினைவுச் சின்னம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல நிக்குது. தூண் கல்லறை மேல நீங்க பார்க்குறது அச்சு எடுத்து வச்ச நகல். இது தெரிஞ்சுக்கிட்டுப் போனா ஏமாற்றம் இருக்காது.

பட்டாராவுக்கு கட்டாயம் அரை நாளாவது ஒதுக்குங்க. லிசிய ஊர்கள் 23 சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வச்சிருந்தாங்க, பெரிய ஊருக்கு மூணு ஓட்டு, நடுத்தர ஊருக்கு ரெண்டு, சின்ன ஊருக்கு ஒண்ணுன்னு பழைய கிரேக்க புவியியல் ஆசிரியர் ஸ்ட்ராபோ எழுதி வச்சிருக்கார், அதைப் படிச்ச பிரெஞ்சு சிந்தனையாளர் மொந்தெஸ்கியூ நல்ல கூட்டாட்சிக் குடியரசுக்கு உதாரணம் கேட்டா லிசியாவைத்தான் காட்டுவேன்னு 18ம் நூற்றாண்டுல எழுதினார். அந்த சபை கூடின கட்டடம் பட்டாராவுல இருக்கு, சீர் பண்ணி வச்சிருக்காங்க, படிக்கட்டுல உக்காந்தே பார்க்கலாம். 1988ல அகழாய்வு ஆரம்பிச்சப்ப பாதி ஊர் மணலுக்கு அடியில இருந்துச்சு. ரோமானியப் பேரரசன் நீரோ காலத்து கலங்கரை விளக்கமும் அப்படி மணல்ல புதைஞ்சு கிடந்ததுதான். துறைமுகம் இருந்த இடம் இப்ப நாணல் வளந்த சதுப்பு, மாமா அதைக் காட்டி "பாத்தீங்களா மாப்ள, அங்க தண்ணி இல்லாம கஷ்டம், இங்க வண்டல் வந்து கஷ்டம்"னார். கிறிஸ்துமஸ் தாத்தாவா ஆன நிக்கோலஸ் பொறந்தது இந்த பட்டாராவுலதான்னு சொல்வாங்க, பிஷப்பா இருந்தது தெம்ரேல இருக்குற மீராவுல.

பட்டாராவுல நிழல் சுத்தமா கிடையாது. மே மாசத்துலயே பதினோரு மணிக்கு மேல தலை சுத்துது, ஜூலை ஆகஸ்ட்ல வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறதை நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க. எங்களுக்கு ஒத்து வந்தது, காலையில சாந்தோஸ், மத்தியானம் கிராமத்துல கோஸ்லெமே (கீரை, சீஸ் வச்சு சுடுற மெல்லிசு ரொட்டி, சைவக்காரங்களுக்கு காஷ் பக்கம் இதுதான் தெய்வம்), நாலு மணிக்கு மேல பட்டாரா இடிபாடு, அப்படியே பீச். இடிபாட்டுக்கும் பீச்சுக்கும் ஒரே வாசல், டிக்கெட் எடுக்கணும். கரேட்டா ஆமைங்க முட்டை போடுற கரை, ராத்திரி பீச்சை மூடிடுவாங்க, குச்சி நட்டு கூண்டு வச்சிருந்தா அது ஆமைக் கூடு, அதுக்கு மேல துண்டு விரிச்சுடாதீங்க, நான் விரிச்சவங்களைப் பார்த்தேன்.

கடலுக்கு அடியில இருக்குற கதை ஒண்ணு சொல்லாம விட முடியாது. 1982ல மெஹ்மெத் சாகிர்னு ஒரு கடற்பஞ்சு எடுக்குறவர் காஷுக்குத் தென்கிழக்கால உலுபுருன்ங்கிற முனைக்குப் பக்கத்துல முங்கினப்ப காது வச்ச பிஸ்கட் மாதிரி உலோகத் துண்டுங்க கிடக்குதுன்னு வந்து சொன்னார். அது செம்புப் பாளம். கிமு 14ம் நூற்றாண்டு கடைசில முழுகின கப்பல், 10 டன் செம்பு, 1 டன் தகரம், நீலக் கண்ணாடிக் கட்டி, கருங்காலி மரம், யானைத் தந்தம், எகிப்து ராணி நெஃபெர்டிட்டி பேர் போட்ட தங்க முத்திரை. 44 மீட்டர்ல இருந்து 60 மீட்டர் ஆழம், 1984ல ஆரம்பிச்சு 1994 வரைக்கும் ஜார்ஜ் பாஸ், ஜெமால் புலாக்னு ரெண்டு தொல்லியல் ஆய்வாளருங்க தலைமையில 22 ஆயிரத்துக்கும் மேல முங்கி முங்கி எடுத்திருக்காங்க. செம்பும் தகரமும் பத்துக்கு ஒண்ணு, வெண்கலம் வார்க்க சரியா அந்தக் கணக்குதான் வேணும். ஆனா இதுல எதுவும் காஷ்ல இல்ல, எல்லாம் போட்ரும் கோட்டை மியூசியத்துல. காஷ்ல டைவ் பண்றவங்களுக்கு அந்தக் கப்பலோட மாதிரி ஒண்ணைச் செஞ்சு கடல்ல இறக்கி வச்சிருக்காங்க, அதைக் காட்டுவாங்க, "நிஜக் கப்பல்"னு யாராவது காசு கேட்டா நம்பாதீங்க.

காஷுக்குக் கிழக்கால இருக்குற கெகோவா தீவுப் பக்கம் படகு ட்ரிப் எல்லாரும் போவாங்க, நீங்களும் போவீங்க. நிலநடுக்கத்துலயும் கரை கொஞ்சம் கொஞ்சமா தாழ்ந்ததுலயும் முழுகின ஊரோட சுவரும் படிக்கட்டும் தண்ணிக்குள்ள இறங்குறது தெரியும், அந்த இடத்துல நீந்தத் தடை, படகு மெதுவா ஓரமா போகும், அவ்வளவுதான். "முழுகின நகரம்"ங்கிற போஸ்டரைப் பார்த்துட்டு பெருசா எதிர்பார்க்காதீங்க. அதை விட எதிர்ல ரோடே இல்லாத காலேகோய் கிராமத்துல இறங்கி கோட்டை மேல ஏறுறதுதான் எனக்குப் புடிச்சுது, கீழ கடலுக்குள்ள ஒத்தையா நிக்குற கல்லறையும் அங்கிருந்து தெரியும். காஷ்ல ஏறுனா படகுலயே நேரம் போயிடும், ஊச்சாகிஸ்ங்கிற கடலோர கிராமம் வரைக்கும் வண்டில போய் அங்க சின்னப் படகு எடுத்தா நேரமும் மிச்சம், வாந்தி எடுக்குறவங்களுக்கும் நல்லது.

மாமா கேள்விக்கு பாதி பதில் ரோட்டோரத்துலயே இருந்துச்சு, வழியெல்லாம் பழைய மழைநீர்த் தொட்டி, மேல கூம்பு மாதிரி கல் மூடி. மீதி பதில் கோம்பேல. காஷ்ல இருந்து மலைப் பாதையில ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைச்சலா ஆகும், 1200 மீட்டர் உயரம், அங்க போனதும் வேற நாடு மாதிரி இருக்கு, ஆப்பிள் தோட்டம், ஓடுற தண்ணி, அண்ணாந்து பார்த்தா மே மாசத்துலயும் அக்தாக் மேல பனி. கடற்கரைக்காரங்க கோடைக்கு குடும்பத்தோட இங்க ஏறிடுவாங்க, மழைக்காலத்துல ஆட்டை ஓட்டிக்கிட்டு கீழ இறங்குவாங்க, யோருக் இடையர்கள் பரம்பரையா பண்ணது இதுதான். கடலோர ஊர்ல வருஷம் முழுக்க இருக்கணும்னே அவங்க நினைக்கல. டீக்கடையில உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர் கையை மலையைக் காட்டி அப்படியே கீழ கடல் வரைக்கும் இழுத்துக் காட்டினார், மாமா தலையாட்டினார், ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை புரியல, ஆனா நல்லாத்தான் பேசிக்கிட்டாங்க. மேல போறவங்க ஸ்வெட்டர் எடுத்துக்குங்க, பெட்ரோல் கீழயே போட்டுக்குங்க.

கடைசியா எதிர்ல தெரியுற தீவு. மெயிஸ், கிரேக்கப் பேர் கஸ்தெலோரிசோ, ஹார்பர்ல இருந்து ஏழு கிலோமீட்டர், படகுல அரை மணி நேரம் கூட ஆகாது. 19ம் நூற்றாண்டுல கப்பல் முதலாளிங்க நிறைஞ்ச பணக்காரத் தீவு அது, அந்தத் தீவுக்காரங்கதான் காஷ்லயும் கல்கான்லயும் வந்து வீடும் கடையும் போட்டாங்க, அந்த மர பால்கனி வீடெல்லாம் அந்தக் காலத்துதான். முதல் உலகப் போர்ல தீவை பிரெஞ்சுக்காரங்க புடிக்க, 1917 ஜனவரில கரையில இருந்த துருக்கி பீரங்கி சுட்டதுல பென்-மை-க்ரீங்கிற பிரிட்டிஷ் விமானக் கப்பல் தீவு ஹார்பர்லயே முழுகுச்சு. அப்புறம் தீவு இத்தாலி கைக்குப் போச்சு. 1923ல சுவிட்சர்லாந்து லோசான்ல கிரீஸும் துருக்கியும் மக்களை மாத்திக்கிறதுன்னு முடிவாகி கரையில இருந்த கிரேக்கக் குடும்பங்க வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்புனாங்க, இந்தப் பக்கம் காஷ் காலி, வியாபாரம் இல்லாம அந்தப் பக்கம் தீவும் காலி, தீவுக்காரங்க நிறைய பேர் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தாங்க. 1947 பாரிஸ் ஒப்பந்தத்துல தீவு கிரீஸுக்கு வந்துச்சு, இப்ப அங்க இருக்குறது சுமார் 500 பேர்.

இந்தியன் பாஸ்போர்ட் வச்சிருக்குறவங்க இங்க ரொம்ப கவனமா இருக்கணும். செல்லுபடியாகுற ஷெங்கன், அமெரிக்க, இங்கிலாந்து, அயர்லாந்து விசாவோ ரெசிடென்ஸ் பெர்மிட்டோ இருந்தா நமக்கு துருக்கி ஈ-விசா கிடைக்கும், 30 நாள், ஆனா ஒரே ஒரு தடவைதான் உள்ள வர முடியும். மெயிஸுக்கு "சும்மா மத்தியானச் சாப்பாட்டுக்கு"ன்னு போனீங்கன்னா துருக்கியை விட்டு வெளிய போனதாக் கணக்கு, திரும்பி வர அந்த ஈ-விசா செல்லாது, லக்கேஜ் காஷ் ரூம்ல கிடக்கும். அந்தப் பக்கமும் அதே கதைதான், நம்ம ஊர்ல இருந்து ஜெர்மனி வந்து அப்புறம் துருக்கி வந்த மாமா மாதிரி ஆளுங்களுக்கு ஷெங்கன் மல்டிபிள் என்ட்ரியா இருந்தாத்தான் தீவுல இறங்கவே முடியும். அதனால நாங்க வாடகை வண்டியை முன்னாடியே விட்டுட்டு மெயிஸைக் கடைசில வச்சோம், மூட்டை முடிச்சோட ஏறி, தீவுல ரெண்டு ராத்திரி தங்கி, அங்கிருந்து ரோட்ஸ்ங்கிற பெரிய கிரேக்கத் தீவுக்குப் போய் வீடு திரும்புனோம். படகுக்காரங்க பாஸ்போர்ட்டை முந்தின நாளே வாங்கி வச்சுக்குவாங்க, பதறாதீங்க, ஹார்பர் போலீஸ் பதிவுக்காக. ரோட்ஸ் கப்பல் தினமும் கிடையாது, வாரத்துல சில நாள்தான், காத்து பலமா அடிச்சா அதுவும் தள்ளிப்போகும். அதனால முதல்ல கப்பல் தேதியைப் பாருங்க, அதுல இருந்து பின்னாடி எண்ணி மத்த நாளைப் போடுங்க, அதுல ஒரு வெள்ளிக்கிழமை காஷ்ல இருக்குற மாதிரி பாத்துக்குங்க, அன்னிக்குத்தான் சந்தை, மலை கிராமத்து ஆளுங்க தேன், ஆலிவ், காரோப் பாகுன்னு எல்லாத்தையும் கீழ கொண்டு வருவாங்க.